ஒரே யந்திரம், ஆறு ஆள்!

வீட்டில் புதிதாகத் தையல் யந்திரம் ஒன்று வாங்கியாகிவிட்டது. அக்காள் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் ரவிக்கை தயாராகிவிடுகிறது. தங்கை உட்கார்ந்தால் நூல் அறுகிறது, ஊசி முறிகிறது, துணி ஒரு பக்கம் சுருங்கி மறு பக்கம் இழுத்துக்கொள்கிறது. "யந்திரம் மட்டம்" என்கிறாள் தங்கை. "இவளுக்குக் கவனம் போதாது" என்கிறார் அப்பா. மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் பாட்டி மட்டும், "அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்கிறாள்.

பாட்டி கேட்ட இந்தக் கேள்வியைப் பொருளாதார நிபுணர்களும் சரித்திர ஆசிரியர்களும் வெகு காலமாகக் கேட்டு வருகிறார்கள். ஆனால் அவர்கள் முன்னே இருப்பது ஒரு ரவிக்கை அல்ல. தேசங்களின் செல்வமும் தரித்திரமும்.

இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பம்பாயிலும், ஒஸாகாவிலும், ஷாங்காயிலும் பஞ்சாலை வைத்தவர்கள் யந்திரம் வாங்கியது பெரும்பாலும் இங்கிலாந்திலேதான். ஓல்ட்ஹாம் நகரத்துப் பிளாட் சகோதரர்கள் கம்பெனி போன்ற சில கம்பெனிகள் உலகத்துக்கெல்லாம் நூற்பு யந்திரங்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தன. கதிர்கள் ஒன்று, சக்கரங்கள் ஒன்று. பல இடங்களில் அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்டிய மேலாளர்கள்கூட லங்காஷயர்க்காரர்களே. ஆனாலும், 1910-ம் வருஷத்துக் கணக்குகளை ஆராய்ந்த கிரெகரி கிளார்க் என்ற சரித்திர ஆராய்ச்சியாளர் 1987-ல் வெளியிட்ட முடிவு என்ன தெரியுமா? அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஒரு தொழிலாளி செய்த வேலையைச் செய்ய இங்கிலாந்தில் ஒன்றரை ஆள் வேண்டியிருந்தது. ஜெர்மனியில் இரண்டேகால் ஆளுக்குச் சற்று அதிகம். இந்தியாவிலும், சீனாவிலும், கிரீஸிலும், ஜப்பானிலும் கிட்டத்தட்ட ஆறு ஆள்!

நம்மவர் கூலி மலிவு என்பதால்தான் நம் ஆலைகள் பிழைத்தன. ஆனால் ஒருவர் செய்யும் வேலையை ஆறு பேர் செய்தால், அந்த மலிவெல்லாம் ஆறாகப் பங்கு போட்டுக் கரைந்து போகிறதல்லவா? ஏழைத் தேசம் ஏழையாகவே இருப்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

இது ஏன் என்று அந்தக் காலத்தில் கேட்டிருந்தால் பதில் தயாராக இருந்தது. 1908-ல் ஆலைத் தொழிலாளர் நிலைமையை விசாரித்த சர்க்கார் கமிஷன் முன்னிலையில் முதலாளிகள் பலர் வந்து சாட்சியம் சொன்னார்கள். இந்தியத் தொழிலாளி சோம்பேறி. வேலை நேரத்தில் வெளியே போய்ப் புகை பிடிக்கிறான். திரும்பி வர அரை மணி ஆகிறது. இப்படியெல்லாம் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜப்பானியரைப் பற்றியும் அந்நாளைய வெளிநாட்டார் இதையேதான் எழுதினார்கள். ஜப்பானியருக்குக் காலத்தின் அருமை தெரியாது, அவசரம் என்பதே அறியாத ஜனங்கள் என்றெல்லாம்! பிற்காலத்தில் ஜப்பானைப் பார்த்தவர் யாரும் இதை நம்பமாட்டார்கள். சோம்பல் இரத்தத்திலே இருக்கிறது என்பவர்கள், இருபது முப்பது வருஷத்தில் ஒரு ஜாதியாரின் இரத்தம் எப்படி மாறியது என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

நூல் அறுவது யாருடைய குற்றம்?

முதலில் ஆலைக்குள் ஒரு நிமிஷம் எட்டிப் பார்ப்போம். ரிங் பிரேம் என்னும் நூற்பு யந்திரத்தின் முன்னால் ஒரு தொழிலாளி இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருக்கிறார். நூல் நூற்பது யந்திரம். அவருடைய வேலை, எங்கே நூல் அறுந்தாலும் உடனே ஓடிப் போய்ப் பிணைப்பதுதான். அப்படியானால் ஒருவர் எத்தனை கதிர்களைக் கவனிக்க முடியும்? மணிக்கு எத்தனை தடவை நூல் அறுகிறதோ, அதைப் பொறுத்தது. நூல் அறுவதோ, பஞ்சின் இழை நீளத்தையும், பஞ்சுகளைக் கலந்த விதத்தையும், காற்றின் ஈரத்தையும், யந்திரத்தைப் பிட்டர் எவ்வளவு கச்சிதமாகப் பூட்டியிருக்கிறார் என்பதையும் பொறுத்தது.

ஆகவே, பிரேமின் முன்னால் நிற்பவரின் கை எவ்வளவு வேகமாயிருந்தாலும், பஞ்சு கலக்கும் அறையில் ஒருவர் அரைகுறை ஞானத்தோடு கலந்துவிட்டால் அந்த வேகம் வீண். தொழில் அறிவு என்பதை ஒரு தொழிலாளியின் தலைக்குள் மட்டும் தேடுகிறவர்கள் செய்யும் பிழை இதுதான். அது ஆலை முழுவதும் பரவியிருக்கும் பொருள். எந்த இடத்தில் குறைந்தாலும் மற்ற இடத்தில் கணக்குக் காட்டும். தாளிப்பு கருகினால், சாம்பார் சரியில்லை என்று பரிமாறுகிறவரைக் கோபித்துக்கொள்வது நம் வீடுகளிலும் உண்டு அல்லவா?

ஜப்பான்காரர்கள் இதை வெகு சீக்கிரத்தில் புரிந்துகொண்டார்கள். ஷிபுஸாவா எய்இச்சி என்ற பிரமுகர் ஒஸாகாவில் 10,500 கதிர்களோடு பெரிய ஆலை ஒன்று தொடங்க நினைத்தபோது, யந்திரம் வாங்குவதற்கு முன் ஆளைத் தேடினார். லண்டனில் வேறு படிப்புப் படித்துக்கொண்டிருந்த யமனோபே டாகேயோ என்ற வாலிபருக்குக் கடிதம் எழுதி, யந்திரவியல் படிக்கச் சொன்னார். அந்த வாலிபர் கிங்ஸ் கல்லூரியில் படித்தார். அது போதாதென்று லங்காஷயரில் பிளாக்பர்ன் நகரத்து ஆலை ஒன்றில் தொழிலாளியோடு தொழிலாளியாக நின்று, பஞ்சு வாங்குவது முதல் நூலைக் கட்டி அனுப்புவது வரை கற்றுக்கொண்டு திரும்பினார். ஒஸாகா ஆலை 1883-ல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் சர்க்கார் உதவியோடு ஏற்பட்ட சிறிய ஆலைகள் தள்ளாடிக்கொண்டிருந்த தேசத்தில் அது லாபம் காட்டியது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. ஜப்பானிய ஆலைக்காரர்கள் 1882-லேயே ஒரு சங்கம் ஏற்படுத்தியிருந்தார்கள். எந்த ஆலை என்ன பஞ்சைக் கலக்கிறது, எவ்வளவு நூல் எடுக்கிறது என்ற விவரங்களை அங்கத்தினர்கள் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொண்டார்கள். நம் பக்கத்தில் சமையல் பக்குவத்தையே பக்கத்து வீட்டுக்குச் சொல்லாதவர்கள் இருக்கும்போது, தொழில் ரகசியத்தைப் போட்டிக்காரனுக்குச் சொல்வதாவது! ஆனால் அவர்கள் சொன்னார்கள். நம் நாட்டுக் குட்டை இழைப் பஞ்சோடு அமெரிக்கப் பஞ்சைக் கலந்து, மலிவாகவும் அறாமலும் நூற்கும் வித்தை ஆலைக்கு ஆலை பரவியது. 1893-ல் பம்பாய்க்கும் ஜப்பானுக்கும் நேர்க் கப்பல் போக்குவரத்து ஏற்பட்டது. அதற்கு ஜாம்ஷெட்ஜி டாட்டாவும் துணை நின்றார். நம் பஞ்சு அதில் போயிற்று. 1897-ல் ஜப்பான் வெளிநாட்டிலிருந்து வாங்கிய நூலைவிட வெளிநாட்டுக்கு விற்ற நூல் அதிகமாகிவிட்டது. சீனாவில் பம்பாய் நூல் விற்ற கடைகளில் ஒஸாகா நூல் ஏறியது.

இதற்கெல்லாம் பின்னணியாக நின்றது 1872-ல் ஜப்பான் சர்க்கார் போட்ட கல்விச் சட்டம். 1905-க்குள் அங்கே பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவர்கள் ஆரம்பப் பள்ளியில் பெயர் பதிவு செய்திருந்தார்கள். ஆலைக்கு வந்த கிராமத்துப் பெண்களில் பலர் பாதியில் நிறுத்தியவர்கள்தாம். சில ஆலைகள் உள்ளேயே பள்ளி வைத்துக் குறையை நிரப்பின. அந்தப் பெண்கள் விடுதிகளில் அடைபட்டு, இரவும் பகலும் உழைத்து, காச நோயோடு ஊர் திரும்பிய கதையையும் மறைப்பதற்கில்லை. பெண்களின் இரவு வேலை அங்கே 1929-ல்தான் நின்றது. ஜப்பானைப் புகழும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1910-ல் ஜப்பானியரும் நாமும் ஒரே வரிசையில், 'ஆறு ஆள்' கணக்கில், நின்றோம் என்று பார்த்தோம். 1930-ம் வருஷங்களில் நிலைமை என்ன? ஜப்பானில் ஒரு தொழிலாளியின் உற்பத்தி பல மடங்கு உயர்ந்துவிட்டது. இங்கே சொற்பமாகத்தான் அசைந்தது.

தச்சர் மகனும் சர்வகலாசாலையும்

இந்த இடத்தில் நேயர்களுக்கு ஒரு மனிதரை அறிமுகம் செய்துவைக்க ஆசை. ஸாகிச்சி டொயோடா என்பவர் 1867-ல் பிறந்த தச்சர் மகன். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. தாயார் உட்கார்ந்து நெய்த தறியைப் பார்த்துப் பார்த்து, அதைத் திருத்துவதிலேயே வாழ்நாளைக் கழித்தார். அவருடைய புதல்வர் கீஇச்சிரோ டோக்கியோ சர்வகலாசாலையில் யந்திரவியல் படித்தவர். தகப்பனாரின் கைத்திறனும் மகனுடைய படிப்பும் சேர்ந்து 1924-ல் ஒரு தானியங்கித் தறி உருவாயிற்று. ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவை மாற்றிக்கொள்ளும். பாவு நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். ஒருவர் முப்பது தறிக்கு மேலும் கவனிக்கலாம். அதே காலத்தில் பம்பாயில் ஒரு நெசவாளி கவனித்தது வழக்கமாக இரண்டு தறி!

1929-ல் அந்தத் தறியைச் செய்யும் உரிமையை ஒரு லட்சம் பவுன் பேசி வாங்க வந்தவர்கள் யார்? ஓல்ட்ஹாம் நகரத்துப் பிளாட் சகோதரர்கள் கம்பெனியார். ஜப்பானுக்கு யந்திரம் விற்று வந்த அதே கம்பெனியார்தான்.

'பள்ளிப் படிப்பே இல்லாத டொயோடா சாதித்தாரே, பிறகு படிப்பு எதற்கு?' என்று கேட்கிறவர்கள் நம்மிடையே உண்டு. நம்முடைய கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவைக் காட்டியும் இப்படிக் கேட்பார்கள். அபூர்வப் பிறவிகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்பது உண்மையாயிருக்கலாம். ஆனால் அவர்கள் கண்டுபிடித்ததைப் பத்தாயிரம் பேர் கையாள வேண்டியிருக்கிறதே, அவர்கள் அபூர்வப் பிறவிகள் அல்லவே! இதை ஜி. டி. நாயுடுவே நன்கு அறிந்திருந்தார். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழிற்கல்விச் சாலை ஏற்பட்டது அவருடைய முயற்சியினால்தான். கற்றுக் கொடுக்க வேண்டியதை வருஷக்கணக்கில் இழுக்காமல் குறுகிய காலத்தில் கற்றுக் கொடுக்கலாம் என்பது அவருடைய கட்சி.

நாம் தவறவிட்ட வண்டி

1911-ல் ஜனக்கணக்கு எடுத்தபோது, இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் ஆறு பேர். அதே வருஷம் மார்ச்சு மாதத்தில் கோபால கிருஷ்ண கோகலே ஆரம்பக் கல்வி மசோதாவைச் சட்டசபையில் கொண்டு வந்தார். அடியோடு புரட்சிகரமான யோசனை ஒன்றுமில்லை. விரும்பும் நகரசபைகளும் ஜில்லா போர்டுகளும் தத்தம் எல்லைக்குள் கட்டாயக் கல்வியைப் படிப்படியாகக் கொண்டு வரலாம், அவ்வளவுதான். பரோடா மகாராஜா சயாஜிராவ் தம் ராஜ்யம் முழுவதிலும் 1906-லேயே செய்து காட்டியிருந்த காரியம். அடுத்த வருஷம் மார்ச்சு மாதம் ஓட்டு எடுத்தார்கள். ஆதரவு 13, எதிர்ப்பு 38. மசோதா விழுந்தது.

எதிர்த்தவர்கள் உத்தியோகஸ்தர்கள் மட்டுமல்ல என்பதை வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. கூலிக்காரன் பிள்ளை படித்துவிட்டால் வயலில் யார் இறங்குவார்கள் என்று கவலைப்பட்ட நம்மவர்களும் இருந்தார்கள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு, 1951-ல், சுதந்திர இந்தியா கணக்கெடுத்தபோது எழுத்தறிவு நூற்றுக்குப் பதினெட்டு.

பள்ளிக்கூடம் மட்டும் இருந்திருந்தால் பம்பாய் ஆலைகள் ஒஸாகாவை ஜயித்திருக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. 1928-ல் பம்பாயில் நடந்ததைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதல்ல என்று தெரியும். 'இரண்டு தறிக்குப் பதில் மூன்று தறி பார். ஒரு பக்கக் கதிர்களுக்குப் பதில் இரு பக்கமும் பார்' என்று ஆலைக்காரர்கள் புதுத் திட்டம் போட்டார்கள். யந்திரம் அதேதான், பஞ்சும் அதேதான். எத்தனை பேருக்கு வேலை போகும், மிஞ்சுகிறவர்களுக்கு எவ்வளவு கூலி ஏறும் என்பதற்குத் திருப்தியான பதில் இல்லை. சுமார் ஒன்றரை லட்சம் தொழிலாளர்கள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, ஏறக்குறைய ஆறு மாதம், வேலை நிறுத்தம் செய்தார்கள். தன் திறமை வளர்ந்தால் தன் பக்கத்துக் கதிரில் நிற்கும் அண்ணன் மகனுக்கு வேலை போகும் என்றால், எந்த மனிதன் திறமையை வளர்த்துக்கொள்ள ஆசைப்படுவான்? கிளார்க் முதலிய ஆராய்ச்சியாளர்கள் தொழிலாளர் மனப்பான்மையைக் காரணமாகக் காட்டும்போது, மனப்பான்மைக்கும் காரணம் இருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

வேறு வழியில் சென்றவர்களும் உண்டு. ஜாம்ஷெட்பூரில் இரும்பு உருக்கத் தொடங்கியபோது உலைக்களத்தில் வெளிநாட்டு நிபுணர்களே நிறைந்திருந்தார்கள். 1921-ல் டாட்டா கம்பெனியார் அங்கே ஒரு தொழிற்பயிற்சிக் கலாசாலை தொடங்கி, நம் வாலிபர்களைத் தயார் செய்து, வெளிநாட்டார் இருந்த இடங்களில் படிப்படியாக அமர்த்தினார்கள். கோவையில் பி. எஸ். ஜி. சகோதரர்கள் நால்வர் குடும்பச் சொத்தை ஐந்து பாகமாகப் பிரித்து, ஐந்தாவது பாகத்தைத் தர்மத்துக்கு வைத்தார்கள். 1926-ல் ஏற்பட்ட அந்தத் தர்ம ஸ்தாபனத்தின் தொழிற்சாலையில், பையன்கள் பாடம் படித்த கையோடு விற்பனைக்கான சாமான்களையும் செய்தார்கள். பைகாரா மின்சாரம் 1930-ம் வருஷங்களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தபோது, அதைப் பயன்படுத்தத் தெரிந்த கைகள் கோவையில் இருந்தன. மின்சாரம் எத்தனையோ ஊர்களுக்கு வந்தது. மோட்டாரும் பம்பும் செய்யும் ஊராக ஆனது கோயம்புத்தூர்.

படிப்பு எப்போது பலன் தரும்?

இதிலிருந்து ஒரு நுட்பமான விஷயம் புலப்படுகிறது. அதை வயல்களில் வைத்து நிரூபித்தவர்கள் இருவர். 1960-ம் வருஷங்களின் பிற்பகுதியில் அதிக விளைச்சல் தரும் கோதுமை, நெல் விதைகள் இந்தியாவுக்கு வந்தன. அந்தக் காலத்துக் குடியானவர் குடும்பக் கணக்குகளை ஃபாஸ்டர், ரோஸென்ஸ்வைக் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அலசி 1996-ல் முடிவு வெளியிட்டார்கள். புது விதை நன்றாகப் பலித்த ஜில்லாக்களில், ஆரம்பப் படிப்புள்ள குடியானவர் படிப்பில்லாதவரைவிட அதிக லாபம் அடைந்தார். புது விதை பலிக்காத ஜில்லாக்களிலோ, படிப்பினால் அப்படிப்பட்ட அநுகூலம் தென்படவில்லை!

பாட்டன் உழுதபடியே பேரனும் உழுதால், பாட்டன் அறிவே போதும். விதை மாறி, உரம் மாறி, தண்ணீர் விடும் நாள் மாறும்போதுதான் புதியதைப் புரிந்துகொள்ளும் சக்தி வேண்டியிருக்கிறது. ஒரு தொழிலில் படிப்புக்கு மதிப்பு ஏறுவதும், இன்னொரு தொழிலில் ஏறாமலிருப்பதும் இதனால்தான். கயிறு திரிப்பதிலும் கம்ப்யூட்டர் செய்வதிலும் படிப்பு ஒரே பலன் தரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இன்னொரு சங்கதி. திறமை உள்ளவர்களைக் கூட்டி வைத்தாலும், வேலையைப் பங்கிடும் முறை கோணலாயிருந்தால் பயனில்லை. 1953-ல் ஆமதாபாத் காலிகோ மில்லில் புதுத் தானியங்கித் தறிகள் வந்தும் துணி சரியாக வரவில்லை. லண்டனிலிருந்து வந்த ஏ. கே. ரைஸ் என்ற நிபுணர் பார்த்தார். 224 தறிகளுக்கு 29 ஆட்கள். அவர்களுக்குள் பன்னிரண்டு வகை வேலை. நெசவாளி வேறு, பாபின் நிரப்புகிறவர் வேறு, அறுந்த பாவைச் சரிசெய்பவர் வேறு, எண்ணெய் விடுகிறவர் வேறு. தறி நின்றால், 'அது என் வேலையில்லை' என்று ஒவ்வொருவரும் சொல்ல இடமிருந்தது. ஏழெட்டுப் பேர் ஒரு குழுவாகி, 64 தறிகளுக்குக் கூட்டாகப் பொறுப்பு ஏற்கலாம் என்று யோசனை சொல்லப்பட்டது. தொழிலாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, தங்களுக்குள்ளேயே யார் யாரோடு சேருவது என்று பேசி, குழுக்களை அமைத்துவிட்டார்கள்! சில வாரத் தடுமாற்றத்துக்குப் பிறகு உற்பத்தி உயர்ந்தது. கெட்டுப் போகும் துணி குறைந்தது. புது யந்திரம் ஒன்றுகூட வாங்கவில்லை.

முதலாளிகளும் கற்க வேண்டியதுண்டு. 2008-ல் பம்பாய்க்கு அருகிலுள்ள நெசவு ஆலைகள் சிலவற்றுக்கு, ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையாரும் உலக பாங்கியாரும் ஆலோசகர்களை இலவசமாக அனுப்பிச் சோதித்தார்கள். அவர்கள் சொல்லிக் கொடுத்தது ராக்கெட் விஞ்ஞானமில்லை. யந்திரம் பழுதாகும் முன்பே பார்த்து வை; எந்தத் துணியில் என்ன குறை என்று நோட்டில் எழுது; கிடங்கில் நூலை நிறம் வாரியாக அடுக்கு. முதல் வருஷத்திலேயே உற்பத்தித் திறன் நூற்றுக்குப் பதினேழு உயர்ந்தது. இதை முன்னமே ஏன் செய்யவில்லை? சிலருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்த சிலருக்கோ நம்பிக்கை இல்லை.

கடைசியாகப் பங்களூருக்குப் போவோம். அங்கே ஏற்றுமதிக்கு உடை தைக்கும் ஆலைகள் ஐந்தில், தையல் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். தையல் பயிற்சி அல்ல. நேரத்தை எப்படிப் பங்கிடுவது, மேற்பார்வையாளரிடம் தயங்காமல் எப்படிப் பேசுவது, கோளாறு வந்தால் எப்படி யோசிப்பது என்ற மாதிரி விஷயங்கள். விரும்பியவர்களில் குலுக்கிப் போட்டுச் சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகையால் 'கெட்டிக்காரிகளே சேர்ந்திருப்பார்கள்' என்று சொல்வதற்கு இடமில்லை. பயிற்சி முடிந்த பிறகு அந்தப் பெண்களின் உற்பத்தி மற்றவர்களைவிட நூற்றுக்குப் பதின்மூன்றரை அதிகமாயிருந்தது. ஆலைக்காரர் போட்ட பணம் எட்டு மாதத்தில் இரண்டரை மடங்கு நிகர லாபம் கொடுத்தது.

பெண்களுடைய சம்பளம் எவ்வளவு உயர்ந்தது? நூற்றுக்கு அரை!

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் தலைமையில் ஒன்பது நாள் வேலை நிறுத்தம் செய்து, கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் வாங்கினார்கள். அன்று அவர்கள் கேட்டது செய்த வேலைக்குரிய பங்கு. கற்ற வித்தைக்குரிய பங்கு என்ன என்பதை இன்னும் யாரும் சரியாக நிர்ணயித்ததாகத் தெரியவில்லை. பயிற்சி பெற்ற தொழிலாளி அடுத்த ஆலைக்கு எளிதாக மாற முடிந்தால், முதலாளி தாமாகவே கூலி உயர்த்துவார். ஆனால் அடுத்த ஆலைக்காரருக்கு இந்தப் பெண் கற்றது எப்படித் தெரியும்? அவள் கையில் சர்ட்டிபிகேட்டா இருக்கிறது?

பங்களூர்ப் பெண்களைப் பற்றி அந்த ஆராய்ச்சியில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள், மற்றவர்களைவிட அதிகமாக, அடுத்தபடியாகத் தையல் யந்திரத் தொழில் நுட்பத்தையும் கற்றுக்கொள்ள முன்வந்தார்களாம்.